சாக்கட்டி வேண்டாம், சாய்ந்த வெயில் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் வட இங்கிலாந்துப் பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். நார்தம்பர்லாந்தின் பாறைச் செதுக்கல்களைப் பற்றித் தமிழில் எழுத ஆள் கிடைத்ததே பெரிய விஷயம். ஆனால், கோடுகள் மங்கலாக இருந்தால் சாக்கட்டியால் தீற்றிப் படம் எடுக்கலாம் என்ற யோசனையைத்தான் ஏற்க முடியவில்லை.

மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் போகும் நேரம். ராத்பரி என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள லார்டன்ஷாஸ் குன்றில் உச்சிவெயிலில் நின்றால் வெறும் மணற்பாறைதான் கண்ணில் படும். வெயில் சாய்ந்ததும் அதே பாறையைப் பாருங்கள். குழிகளின் விளிம்பில் நிழல் விழுந்து, கட்டைவிரல் பதியும் அளவுக் குழிகள், அவற்றைச் சுற்றிய வளையங்கள், சரிவில் இறங்கும் வாய்க்கால் எல்லாம் துலங்கி வரும். மேகமூட்டமாக இருந்தால் (அந்த ஊரில் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம்) கைபேசி டார்ச்சைப் பாறைக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் போதும்.

மழை பெய்தால் சாக்கட்டி கரைந்துவிடுமே என்பார்கள். சரி, தேய்க்கும்போது உதிரும் மணலுக்கு என்ன செய்வது? கல்லால் கொத்திக் கொத்தி உண்டாக்கிய அந்தக் குழிகளுக்கு வயது 4,000 முதல் 6,000 ஆண்டுகள். பக்கத்தில் உள்ள மலைக்கோட்டையோ இரும்புக் காலத்தது. கோட்டை கட்டியவர்களுக்கே இந்தச் செதுக்கல்கள் பழம்பொருள்தான்! பிற்காலத்தில் யாரோ பெரிய பாறையின் ஒரு பக்கத்தைக் கல்லுக்காகவே உடைத்தெடுத்திருக்கிறார்கள். மிச்சமாவது தப்பட்டும். பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டுவது இன்னும் மோசம். பாறையின் மேல்தோலும் கூடவே வந்துவிடும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களைச் சேதப்படுத்துவது அங்கே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

அப்புறம், அதே நார்தம்பர்லாந்தில் உள்ள யெவரிங் பெல் மலையின் உச்சிக் கோட்டையை 'கற்குவியல்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டார் கட்டுரையாளர். அந்த மலையின் கல் புதிதாக உடைத்தால் இளஞ்சிவப்பாக இருக்கும்; வெயிலும் மழையும் பட்டுத்தான் சாம்பல் நிறமாகியிருக்கிறது. மதில் எழும்பியபோது மலையுச்சியைச் சுற்றி ஓர் இளஞ்சிவப்பு வளையமாகப் பள்ளத்தாக்கிலிருந்தே தெரிந்திருக்கும். உள்ளே புல்தரையில் வட்ட வட்டமாகச் சமன்செய்த நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு. எல்லாம் வீடுகள் நின்ற இடங்கள். சரிந்து கிடக்கும் மதில்மேல் ஏறாமலே அவற்றைச் சுற்றிப் பார்க்கலாம்.

கோடை விடுமுறைக்குப் பலர் உங்கள் இதழைப் பார்த்துத்தான் திட்டம் போடுவார்கள். தடுத்துச் சொல்ல அந்தப் பாறைகளுக்குப் பக்கத்தில் காவலாளி எவரும் நிற்பதில்லை. ஆகவே, சாக்கட்டி யோசனையைத் திருத்தி அடுத்த இதழில் ஒரு வரி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்