மே மாதம் வரும்போது எங்கே நடக்கலாம்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பிள்ளைகளும், அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு மே லீவில் வருவது கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு கேள்வியும் கேட்டாள்: "அங்க வந்து என்னத்தப் பாக்க? நீங்க லீவு நாளானா காட்டுலயும் மேட்டுலயும் சும்மா நடந்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?" உண்மைதான், சும்மாதான் நடக்கிறோம். ஆனால் ஏன் என்று வாட்ஸாப்பில் சொல்ல ஆரம்பித்தால் பாதி விட்டுப்போகும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

லண்டனுக்கு இரண்டு நாள் போதும். மிச்ச நாளெல்லாம் வட இங்கிலாந்தில், ஸ்கிப்டனில் எங்களோடு இருங்கள். இங்கிருந்து காரில் அரை மணி நேரம் போனால் மாலம் என்று ஒரு சின்ன கிராமம், யார்க்‌ஷர் டேல்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. தேசியப் பூங்கா என்றதும் முண்டந்துறை மாதிரி செக்போஸ்ட்டும் காடும் இருக்கும் என்று நினைக்காதே. இங்கே பூங்காவுக்குள்ளேயே ஜனங்கள் குடியிருக்கிறார்கள், ஆடு மாடு வளர்க்கிறார்கள், நிலமெல்லாம் பெரும்பாலும் தனியார் நிலம். ஒரு ஓடை, அதன் மேல் பலகை பலகையாகக் கல் போட்ட பழைய பாலங்கள், இரண்டு பப், கொஞ்சம் கல்வீடுகள், அவ்வளவுதான் ஊர். பப் என்றதும் அம்மா முகம் சுளிப்பாள். பகலில் பாட்டி தாத்தா, கைக்குழந்தை, சேறு அப்பின நாய் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் அது, பயப்பட வேண்டாம் என்று சொல்.

முதலில் அப்பாவுக்கு. அவர் முழங்காலுக்கு ஏற்ற பாதை மாலம் கோவ் அடிவாரம் வரை போவது. கிராமத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்தான் இருக்கும், ஓடை ஓரமாகப் பொடிக்கல் போட்ட பாதை, குழந்தை வண்டியையே தள்ளிக்கொண்டு போகிறார்கள். கடைசியில் முன்னால் நிற்பது சுமார் 80 மீட்டர் உயரத்தில் வளைந்து நிற்கிற வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பாறை. பனியுகம் முடிகிற காலத்தில் உருகின தண்ணீர் அருவியாக அதன் மேலிருந்து விழுந்ததாம். இப்போது அருவி கிடையாது, தண்ணீர் பாறைக்குள் இறங்கி நிலத்தடியில் ஓடி, அடியில் ஒரு பிளவு வழியாகச் சத்தமில்லாமல் வெளியே வருகிறது. 2015 டிசம்பரில் பெருமழை வந்தபோது மட்டும் கொஞ்ச நேரம் திரும்ப அருவி கொட்டியிருக்கிறது, உயிரோடு இருக்கிற யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை என்றார்கள். அந்தப் பாறையில் பைரி என்ற வேட்டைப் பறவை கூடு கட்டும். வசந்தத்தில் தன்னார்வலர்கள் தொலைநோக்கி வைத்துக் காட்டுவது உண்டு. அப்பாவை அங்கே விட்டுவிட்டால் மத்தியானம் வரை நகர மாட்டார், நீ வேண்டுமானால் பார்.

பிள்ளைகளுக்கு ஜேனட்ஸ் ஃபாஸ். கிராமத்திலிருந்து வயல் ஊடே போய் ஒரு சின்ன மரச்சோலைக்குள் நுழைய வேண்டும், நீங்கள் வருகிற சமயம் தரையெல்லாம் காட்டுப்பூண்டு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். ரசத்துக்குப் பூண்டு தட்டின அடுக்களை மாதிரி சோலை முழுக்க வாசனை! முடிவில் ஓர் ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் பெரிய அருவி, கீழே குளம். குற்றாலம் பார்த்தவளுக்கு இது அருவியா என்று தோன்றும், சத்தியமாகத் தோன்றும். ஆனால் அருவிக்குப் பின்னால் இருக்கிற குகையில் ஜேனட் என்று ஒரு தேவதை ராணி குடியிருப்பதாகக் கதை. என் சின்னவன் ஒவ்வொரு தடவையும் பாறையைப் பார்த்து, "வீட்ல இருக்கீங்களா?" என்று கத்திவிட்டுத்தான் திரும்புவான். வழியில் விழுந்து கிடக்கிற மரத்துண்டுகளில் வருகிறவர்கள் காசுகளை அடித்துச் செருகி வைத்திருக்கிறார்கள், எல்லாம் வளைந்து மீன்செதில் போல நிற்கும். அந்தக் காலத்தில் ரோமம் வெட்டுவதற்கு முன் ஆடுகளைக் கொண்டுவந்து குளிப்பாட்டினதும் இந்தக் குளத்தில்தானாம், அந்தத் தண்ணீரில் இறங்கின ஆட்களை நினைத்தால்தான் எனக்குக் குளிர்கிறது.

அங்கிருந்து ரோட்டைப் பிடித்துக் கொஞ்ச தூரம் போனால் கோர்டேல் ஸ்கார். இரண்டு பக்கமும் நூறு மீட்டர் உயரத்துக்குப் பாறை நெருங்கி வருகிற பள்ளத்தாக்கு, நடுவில் தண்ணீர் கொட்டுகிறது. 1800களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் வார்டு என்ற ஓவியர் இதை ஒரு சுவரளவுக்கு வரைந்திருக்கிறார், லண்டனில் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள படம் அது. அருவியை ஒட்டிப் பாறையில் கைவைத்து மேலே ஏறிப்போகிறவர்கள் உண்டு. அத்தானுக்கு ஆசை வரும், விடாதே. பிள்ளைகளோடு போனால் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் சரி.

உனக்கும் எனக்கும் மட்டும் ஒரு நாள் வேண்டும் அக்கா, கோவின் மேலே ஏறுவதற்கு. நானூறு படி. ஏறினால் கண்ணுக்கெட்டின தூரம் வெடித்த பாறைத்தளம், மழைத்தண்ணீர் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கரைத்து இடுப்பளவு ஆழத்துக்குக்கூடப் பிளந்திருக்கிறது. அந்தப் பிளவுகளுக்குள் குனிந்து பார்த்தால் உள்ளே பெரணிச் செடிகள். மேலே இருக்கிற காற்றும் ஆடும் எட்ட முடியாததால் அங்கே தழைக்கின்றன. ஈரமாக இருந்தால் பாறை எண்ணெய் தடவினது போல வழுக்கும், அதனால் மழை நாளில் கிடையாது.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். எனக்கு இங்கே இந்த நடையில் பிடித்துப்போனது காட்சி மட்டும் இல்லை. இவ்வளவு தூரம் நாம் நடப்பது முக்கால்வாசி யாரோ ஒருவருடைய வயல் வழியாக. அவரிடம் கேட்க வேண்டியதில்லை, டிக்கெட் இல்லை. வயலின் கல்சுவரைத் தாண்ட சுவரிலேயே படி வைத்திருப்பார்கள், இல்லையென்றால் கேட் இருக்கும், கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடந்து போகிறவர்களுக்கான பாதை, நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும்கூடப் போகலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பாதைகள் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. நிலம் கைமாறினாலும் பாதை போகாது, நிலத்துக்காரர் அடைத்தால் அவர்மேல்தான் தப்பு.

நம் ஊரிலும் வரப்பில் நடக்க நாம் யாரைக் கேட்டோம்? ஆனால் வாய்க்காலுக்குப் போகிற நம் தெருப் பாதை, பிளாட் போட்டுக் காம்பவுண்டு எழுப்பினதும் ஒரே வாரத்தில் காணாமல் போனது உனக்கு நினைவிருக்கும். நாம் நடந்த பாதை எந்தத் தாளிலும் இல்லை. இங்கே 1949இல் சட்டம் போட்டு, ஒவ்வொரு கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) பாதைகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்று வைத்துவிட்டார்கள்.

அதுவும் சும்மா கிடைத்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று டெர்பிஷரில் கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேட்டில், பணக்காரர்கள் பறவை சுடுவதற்காக அடைத்து வைத்திருந்த நிலத்துக்குள் சில நூறு பேர், பெரும்பாலும் மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளர்கள், வேண்டுமென்றே நுழைந்து நடந்தார்கள். ஐந்து பேருக்கு ஜெயில். சரியாக 33 வருஷம் கழித்து, அதே ஏப்ரல் 24இல், 268 மைல் நீளமுள்ள பென்னைன் வே நடைபாதையைத் திறந்து வைத்தார்கள், விழா நடந்த இடம் நம் மாலம் மேட்டு நிலம். கோவ் மேலே நீ நடக்கப்போவதும் அந்தப் பாதையில்தான்.

நடக்கிற நம் பக்கத்திலும் சில ஒழுங்கு உண்டு. நாம் திறந்த கேட்டை நாமே திரும்ப மூட வேண்டும், பிள்ளைகள் கல்சுவரில் ஏறக்கூடாது, சாந்து இல்லாமல் அடுக்கினது, சரிந்துவிடும். ஆட்டுக்குட்டியைத் துரத்தக்கூடாது, இதை உன் சின்னவனுக்கு விமானத்திலேயே சொல்லிவிடு. ஆட்டைவிடப் பயப்பட வேண்டியது கன்றோடு நிற்கிற பசுவுக்கு. தள்ளிச் சுற்றிப் போய்விட வேண்டும்.

ஒன்று மறைக்காமல் சொல்கிறேன், இந்தப் பாதைகளில் நம் நிறத்தில் ஆட்கள் குறைவு. ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது, முறைக்கிறார்களோ என்று. ஆனால் எதிரே வருகிறவர்கள் ஒரு "மார்னிங்" சொல்லிவிட்டுப் போகிறார்கள், டவுனில் பக்கத்து வீட்டுக்காரர்கூட அவ்வளவு சொல்வதில்லை! இப்போதெல்லாம் பிராட்ஃபோர்டு நகரத்திலிருந்து நம் நிறத்து ஆட்களும் குடும்பம் குடும்பமாக வருவதைப் பார்க்கிறேன், அன்றைக்கு ஒரு பாட்டி சல்வாருக்கு மேலே ரெயின்கோட் போட்டுக்கொண்டு எங்களையே முந்திப் போனாள். அம்மா புடவையில் வரலாம், கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டால் போதும். காலுக்குத்தான் செருப்பு கூடாது.

சாப்பாட்டுக்குப் புளியோதரையும் பிளாஸ்க்கில் டீயும். மேயில் ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை. மழைக்கோட்டு இங்கே எல்லாருக்கும் இரவல் வாங்கிவிடுவேன்.

நீ செய்ய வேண்டியது, எல்லோருடைய கால் அளவையும் சென்டிமீட்டரில் எடுத்து அனுப்பு, பிள்ளைகளுக்கு ஒரு விரல்கடை கூட்டி. பூட்ஸ் பழையது கடைகளில் மலிவாகக் கிடைக்கும், இப்போதே தேட ஆரம்பித்தால்தான் ஏழு ஜோடி சேரும். பெட்டியில் இடம் இருந்தால் மோர் மிளகாய் வை, வத்தல் வேண்டாம், இருக்கிறது. அத்தானைத் தேதியை உறுதி பண்ணச் சொல், நான் ஷிப்ட் மாற்றக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் தங்கை