நல்லாயிருக்கும் நாளில் கேள்

புதுக்குடியிருப்பு

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது உன் பிரிவில் வேலை செய்யும் பிள்ளையைப் பற்றிச் சலித்துக்கொண்டாய். "திங்கள் சிரித்துக்கொண்டு வேலை செய்தாள், செவ்வாய் எழும்ப முடியவில்லை என்று மெசேஜ். நடிக்கிறாளோ தெரியாது அம்மா" என்றாய். நான் வாய் திறக்கவில்லை. அதே சொல்லை நானும் ஒருகாலம் சொன்னவள் தானே.

எங்கள் தையல் கடையில் ஓவர்லொக் மெஷினில் இருக்கும் அக்காவை உனக்குத் தெரியும். 2009 யுத்தத்தில் தலையில் பட்ட செல் துண்டு இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. மாதத்தில் முக்கால்வாசி நாள் எங்கள் எல்லாரையும்விட வேகமாகத் தைப்பாள். இடையில் ஒருநாள் வலிப்பு வரும். மறுநாள் அடித்துப்போட்டதுபோல் கிடப்பாள். நல்ல நாளைப் பார்த்துப் பார்த்து, கெட்ட நாளை நான் நம்பவில்லை. "ஒழுங்காக வருபவர்களுக்குத்தான் இங்கே வேலை" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் லீவே கேட்கவில்லை. எனக்கு அதில் பெருமை வேறு!

ஒரு சித்திரை மத்தியானம், இரவு முழுக்க நித்திரை இல்லாமல் வந்து, வலிப்பு வந்து மெஷின் மேலேயே சாய்ந்தாள். கால் பெடலில் இருந்தது. மெஷின் ஓட ஓட ஒரு வெள்ளைச் சட்டைக் கை ஊசிக்கடியில் சுருண்டு சுருண்டு போனது. விரல் தப்பியது அவள் அதிர்ஷ்டம். ஒருத்தி திறப்புக் கோர்வையைக் கையில் திணிக்க ஓடினாள். இரும்பால் ஒன்றும் ஆகாது, சரித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, மணிக்கூட்டைப் பார், 5 நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்சுக்கு கோல் எடு என்று பிறகு கிளினிக்கில்தான் சொல்லித்தந்தார்கள்.

ஒரு கிழமை கழித்து, அவள் தெளிவாக இருந்த நாளில், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக் கேட்டேன்: "உனக்கு ஏலாத நாளில் நாங்கள் என்ன செய்யவேணும்?" இத்தனை வருடத்தில் யாரும் தன்னிடம் இதைக் கேட்டதில்லை என்றாள். நித்திரை கெட்ட நாளில் மெஷின் வேண்டாம், தெறி தைக்கிறேன், நூல் வெட்டுகிறேன். வர ஏலாவிட்டால் ஒரு மிஸ்ட் கோல் தருகிறேன், காரணம் கேட்காதேங்கோ. கடைக்கு வருபவர்களிடம் என் வருத்தத்தைச் சொல்லாதேங்கோ. அவ்வளவுதான் கேட்டாள். மற்றப் பெண்கள் "அவளுக்கு மட்டும் என்ன சலுகை" என்று முணுமுணுத்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நீங்களும் வேலையை மாற்றிக்கொள்ளலாம் என்றேன், அடங்கிவிட்டது.

நீ இருக்கும் கனடாவில், இயலாமை உள்ளவர்களுக்காக 2019இல் வந்த அணுகல் சட்டத்தில், விட்டுவிட்டு வரும் இயலாமையும் இயலாமைதான் என்று எழுதியிருக்கிறதாம், தங்கச்சி வாசித்துச் சொன்னாள். உன் கம்பனி அதற்குள் வருமோ, நீதான் பார்க்கவேணும். இங்கே இலங்கையிலும் இயலாமை உள்ளவர்களுக்கு 1996இல் ஒரு சட்டம் வந்தது. எங்கள் கடைப்பக்கம் அது எட்டிப் பார்த்ததில்லை.

அந்தப் பிள்ளையிடம் நோயின் பெயரைத் தோண்டாதே. எந்த வேலை ஏலும், எது ஏலாது என்று மட்டும் கேள். அதையும் அவள் படுத்துக் கிடக்கும் நாளில் போன் எடுத்துக் கேட்காதே, ராசா.

இன்றைக்கு அக்கா வரவில்லை. காலையில் மிஸ்ட் கோல் வந்தது. எட்டுக் கொலர் மேசையில் கிடக்கிறது, நான் போய்த் தைக்கவேணும்.

அம்மா