முடிச்சவை எப்பிடி முடிச்சவை எண்டும் போடுங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கட ஞாயிறு பேப்பரில புத்தக வெளியீடு, குறும்படம் திரையிட்ட செய்தியள் கிழமைக்குக் கிழமை வாசிக்கிறனான், சந்தோசமாத்தான் இருக்கு. ஆனா அதுகளைச் செய்தவை எப்பிடி முடிச்சவை எண்டு ஒருத்தரும் எழுதிறேல்ல, எங்களுக்குத் தேவை அதுதான்.

போன வாணிவிழாவுக்குப் பிள்ளையளுக்கு ஒரு நாடகம் எழுதித் தாறன் எண்டு சொன்னனான். அந்த நேரம் பாத்து அம்மம்மாவின்ர தாலாட்டுகளைப் போனில ரெக்கோட் பண்ணத் தொடங்கி, நடுவில ஒரு குறும்படக் கதை வந்து, பேந்து பனையோலைப் பெட்டியில புது டிசைன் செய்து பாப்பம் எண்டும் ஆசை வந்து, எதைத் தொட்டாலும் மற்றது கூப்பிடுது, ஒண்டும் நகரேல்ல. ஒன்பது பிள்ளையள் வசனம் பாடமாக்கிக்கொண்டு நிக்கினம், கடைசிக் காட்சி நான் எழுதேல்ல. நாடகம் மேடை ஏறேல்ல. அதுகளின்ர முகம் இப்பவும் கண்ணுக்க நிக்குது.

சோம்பல் எண்டு வீட்டில சொல்லிச்சினம். அப்பிடி இல்லை. முடிஞ்ச வேலையைவிட, முடிக்காமக் கிடக்கிற வேலைதான் கூட ஞாபகத்தில நிக்கும் எண்டு புளூமா சைகார்னிக் எண்ட உளவியலாளர் 1927இலயே எழுதினவ. 2011இல வந்த இன்னொரு ஆய்வில, வேலையை முடிக்காட்டிலும், அதை எப்ப எப்பிடிச் செய்யிறதெண்டு தெளிவாப் பிளான் போட்டாலே மண்டைக்குள்ள அது வந்து கரைச்சல் குடுக்கிறது குறையுது எண்டு கண்டவை.

இப்ப ஒரு சீஆர் கொப்பி வச்சிருக்கிறன். வாற யோசனை எல்லாம் பின்பக்கத்தில இருந்து எழுதிறது, முன்பக்கத்தில மூண்டே மூண்டு வேலை, ஒண்டு முடிஞ்சாத்தான் பின்னால இருந்து அடுத்தது முன்னுக்கு வரலாம். "நாடகம்" எண்டு எழுதி வச்சா பாக்கவே பயமாக் கிடக்கும். "ரெண்டாம் காட்சி, கிழவி கிணத்தடிக்கு வாற இடம், பத்து வரி" எண்டு எழுதினா இருந்த இடத்தில கை ஓடும். தங்கச்சி போனில ஒரு ஆப் போட்டுத் தந்தவள், அது அவளுக்குச் சரி, எனக்குப் போனைத் திறந்தா வட்ஸ்அப்தான் முதல் வருது.

அதால கேக்கிறன், கிழமைக்கு ஒருக்கா கால் பக்கம் ஒதுக்குங்கோ. கூத்துப் பழக்கிற அண்ணாவிமார், படம் கீறுறவை, கதை எழுதிறவை எல்லாரிட்டயும் அவை வெட்டித் திருத்தின பக்கங்களை வாங்கிப் போடுங்கோ, எங்கட பெடியளும் பெட்டையளும் பாக்கட்டும். என்ர நாடகத்தின்ர கடைசிக் காட்சி முடிஞ்சுது, இந்த வாணிவிழாவுக்குப் பிள்ளையள் பழகத் தொடங்கிட்டினம். முதல் கிழமைக்கு ஒருத்தரும் கிடைக்காட்டி என்ர கொப்பியைக் கொண்டுவந்து தாறன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோப்பாய்.