நாகம் தீண்டிய எஞ்சின்

உவர்மலை,
திருகோணமலை.
12.10.2025

அன்புள்ள கார்ட் ஐயா,

நாங்கள் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். சம்பிரதாயம் இத்துடன் முடிந்தது. ஏழு மாதமாக வாய் திறக்காதவன் நலம் விசாரிப்பதில் அரைப் பக்கத்தைச் செலவழித்தால், எதையோ மறைக்கிறான் என்று நீ உடனே பிடித்துவிடுவாய். மறைத்தது உண்மைதான். அதைச் சொல்வதற்கே எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்ல முயன்ற மூன்று தடவையும் உன் குரலைக் கேட்டவுடன் பேச்சை மழைக்கும் மீன் விலைக்கும் திருப்பிவிட்டேன்.

உன் அப்பாவின் விளையாட்டு ரயில் எஞ்சின் ஓடுவதைப் பேரனுக்குக் காட்ட வேண்டும், ஒரு காணொளி எடுத்து அனுப்பு என்று பங்குனியில் கேட்டிருந்தாய் அல்லவா? கேட்ட அன்று மாலையே அலுமாரியின் மேலிருந்து பெட்டியை இறக்கினேன். பச்சை வர்ணம் பூசிய தகர உடலும், புகைபோக்கியும், நீ ஏழு வயதில் கடித்த பல் தடம் பதிந்த மூலையும் அப்படியே இருந்தன. சாவியை இரண்டு சுற்றுச் சுற்றி மேசையில் வைத்தேன். ஒரு சாண் தூரம் ஓடியிருக்கும். அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம் கேட்டது. வலப்பக்க முன் சில்லு மூன்று துண்டாகி மேசை விரிப்பில் விழுந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். கோடையில் வற்றிய குளத்தின் அடித்தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அதைப் போல மற்றச் சில்லுகளிலும் மெல்லிய வெடிப்புகள் வலை பின்னியிருந்தன. இன்னும் இரண்டு வீங்கி விளிம்பு கோணியிருந்தன. உடைந்த இடத்தைத் தொட்டபோது விரலில் சாம்பல் நிறமான தூள் ஒட்டியது.

முதலில் கடற்காற்றின் மீது பழி போட்டேன். பிறகு வாடைக்கால ஈரத்தின் மீது. பிறகு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, என் பேரனைக் கூப்பிட்டு, நான் இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறந்தாயா, கீழே போட்டாயா என்று ஒரு மணித்தியாலம் குறுக்கு விசாரணை செய்தேன். அவன் அழுதான். என் மனைவி அன்றிரவு எனக்குச் சோறு போட்ட விதத்திலேயே தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. உண்மை தெரிந்த பிறகு அவனை உட்துறைமுக வீதிக்கு அழைத்துச் சென்று ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவன் இரண்டு ஐஸ்கிறீமுக்குப் பிறகே மன்னித்தான்.

உண்மை இதுதான். அந்தச் சில்லுகள் இரும்பும் அல்ல, ஈயமும் அல்ல. நாகம் என்கிற துத்தநாகத்தோடு சிறிது அலுமினியமும் செம்பும் மக்னீசியமும் சேர்த்து, உருக்கி, அச்சில் அழுத்தி வார்த்தவை. பிரித்தானியப் பட்டறைகளில் அந்தக் கலப்புலோகத்தை மசாக் என்பார்கள். அதற்கு 99.99 சதவீதத் தூய்மையுள்ள நாகம் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலப் பட்டறைகளில் இந்தக் கண்டிப்பு எப்போதும் கடைப்பிடிக்கப்படவில்லை. உருக்கும் தொட்டியில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டாலே போதும், அது உலோகத்தின் நுண்ணிய மணிகளுக்கு இடையே உள்ள எல்லைகளில் தங்கி, காற்றில் உள்ள ஈரத்தின் துணையோடு அந்த எல்லைகளை அரித்துக்கொண்டே போகும். அரிப்பில் உண்டாகும் பொருள் கூடுதல் இடம் பிடிப்பதால் சில்லு உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, கடைசியில் உதிர்ந்துவிடும். சூடும் ஈரமும் உள்ள ஊரில் இது விரைவாக நடக்கும். நம் ஊரில் இரண்டுக்கும் எப்போது குறைவிருந்தது? வர்ணம் பூசியோ எண்ணெய் தடவியோ இதை நிறுத்த முடியாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் என்று சிலர் பயமுறுத்துவது மட்டும் பொய், தொற்றாது. இரசாயன வகுப்பில் பின்வாங்கில் இருந்துகொண்டு, ‘நாகம் தீண்டினால் என்ன சேர், வைத்தியம் உண்டா?’ என்று கேட்டுப் பிரம்படி வாங்கியவன் நீ. இல்லையாம் மச்சான், வைத்தியம் இல்லை.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். சித்திரை வருடப் பிறப்பன்று நீ அழைத்து, ‘எஞ்சின் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டாய். ‘பத்திரமாக இருக்கிறது’ என்றேன். அதைச் சொல்லும்போது உடைந்த சில்லின் துண்டுகள் என் முன்னால் ஒரு ஜாம் போத்தலில் கிடந்தன. 1957இல் பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து வெளியேறியபோது, வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போன ஓர் அதிகாரியிடம் உன் அப்பா சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கியது அது. நீ புறப்படும்போது, ‘இதைக் கொண்டுபோக முடியாது, உன்னிடம் இருக்கட்டும்’ என்று என் கையில் தந்தாய். 1990இல் நாங்கள் வீட்டை விட்டு ஓடியபோது மாற்றுடுப்பு எடுக்காமல் அதை அரிசிப் பைக்குள் புதைத்துக்கொண்டு போனவன் நான். 2004 மார்கழியில் கடல் வந்து பழைய வீட்டின் கீழ்த்தட்டு முழுவதையும் கொண்டுபோனது. அலுமாரியின் மேலிருந்த பெட்டி நனையவில்லை. இத்தனைக்கும் தப்ப வைத்தேன் என்று உனக்குத் தெரியாமலே எனக்குள் ஒரு பெருமிதம் வளர்த்து வைத்திருந்தேன். ஆனால் நீ அதை என்னிடம் தந்த நாளிலும், அதற்கு முன் உன் அப்பா விலை பேசிய நாளிலும், அந்தச் சில்லுகளுக்குள் ஈயம் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. சில்லு உடைந்தது என் குற்றமல்ல. பொய் சொன்னது என் குற்றம்.

என்ன செய்யலாம் என்று இங்கே ஆளாளுக்கு ஒரு கருத்து. மாஸ்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடு என்கிறார். அவருடைய யோசனைகள் எப்படி முடியும் என்று உனக்குத் தெரியும், ஆகவே நான் உடனே சம்மதிக்கவில்லை. டேப்லட் என்று நாம் கூப்பிடும் நம் நண்பன் புதுச் சில்லு போடச் சொல்கிறான். நான் இரண்டு மாதம் மாஸ்டர் பக்கம் நின்றேன். சில்லை மாற்றினால் அது உன் அப்பாவின் எஞ்சினாக இருக்குமா என்று குழம்பினேன். பிறகு யோசித்துப் பார்த்தால், இரத்மலானை ரயில் வேலைத்தளத்துக்குப் போகிற எந்தப் பெரிய எஞ்சினுக்கும் சில்லைக் கடைந்தும் மாற்றியும்தான் திருப்பி அனுப்புகிறார்கள்; அதற்காக யாரும் அதை வேறு எஞ்சின் என்று சொல்வதில்லை, இலக்கமும் மாறுவதில்லை. ஓடச் செய்த பொருளை ஓடாமல் வைப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் பொருள் உன்னுடையது. நீ வேண்டாம் என்றால் கை வைக்க மாட்டேன்.

வேண்டும் என்றால் உனக்கு ஒரு வேலை இருக்கிறது. இத்தகைய பழைய எஞ்சின்களுக்குப் பிரித்தானியாவில் இன்றும் சிலர் புதிதாகச் சில்லு வார்த்து விற்கிறார்கள். இங்கிருந்து வரவழைப்பதைவிட நீ வரவழைத்து, மார்கழியில் வரும் மகனிடம் கொடுத்து அனுப்புவது எளிது. நான்கு சில்லும் வேண்டும், முழுதாக இருப்பதையும் நம்ப முடியாது. என்ன உலோகம் என்று முதலில் கேட்டுவிடு. மறுபடியும் நாகம் என்றால் அதன் தூய்மையைக் கேள். தண்டவாள அகலம் 32 மில்லிமீட்டர், ஓ (O) எனப்படும் அளவு, சாவி கொடுத்து ஓடுவது என்று எழுது. அச்சின் தடிப்பைத் தனித்தாளில் கீறி இணைத்துள்ளேன். சில்லின் விட்டத்தில்தான் சிக்கல் வந்தது: விளிம்பு கோணாமல் மிஞ்சிய ஒரேயொரு சில்லை அளந்தேன், பிறகுதான் அதுவும் வீங்கியிருக்குமே என்று உறைத்தது. கடைசியில் உன் அப்பாவின் ரயில் பெட்டி ஒன்றை அருகில் வைத்தேன். அதன் சில்லுகள் தகரத்தில் அழுத்தியவை, மாறாதவை. எஞ்சினின் கொக்கியும் பெட்டியின் கொக்கியும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கில் பின்னோக்கிப் போய்ப் பழைய விட்டத்தைப் பிடித்தேன். கணக்கைச் சரிபார், நீ எப்போதும் என் கணக்கில் பிழை பிடிப்பதில் இன்பம் காண்பவன்.

அந்த இன்பத்துக்கு இன்னொரு காரணமும் தருகிறேன்: நாற்பது ஆண்டு வழக்கில் நீ வென்றுவிட்டாய். நம் தீவின் தண்டவாளம் 1676 மில்லிமீட்டர் அகலம். அதை அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்ற அளவில் சுருக்கினால் 22 மில்லிமீட்டர் வர வேண்டும், கடையில் விற்கும் 16.5 மில்லிமீட்டர்த் தண்டவாளத்தில் நம் எஞ்சினை நிறுத்தினால் அது பெரிய மனிதன் சின்னப் பையனின் செருப்பைப் போட்டதுபோல் இருக்கும் என்று நீ அன்றே சொன்னாய். கண்ணுக்குத் தெரியாது என்று நான் சாதித்தேன். வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த இந்த மாதங்களில், ஒரு முறை செய்து பார்ப்போமே என்று மரச் சீவல்களை 36 மில்லிமீட்டர் நீளத்தில் வெட்டிச் சிலிப்பர் கட்டைகளாக அடுக்கி, ஒரு யார் (மூன்று அடி) தூரத்துக்குக் கையால் தண்டவாளம் போட்டேன். அகலம் பிசகாமல் இருக்க 22 மில்லிமீட்டரில் ஒரு பித்தளைக் கட்டை வேண்டியிருந்தது; நகை செய்யும் அண்ணை அதை அராவிக் கொடுத்துவிட்டு, ‘இது எந்தச் சாமிக்கு?’ என்று கேட்டார். போட்டு முடித்து, கன்னத்தை மேசையில் வைத்துத் தண்டவாளத்தின் மட்டத்தில் பார்த்தேன். தம்பலகாமத்து வயல்வெளியில் பாதை நீண்டு போகிற அதே தோற்றம். எனக்கு உன் மீது கோபம் வந்தது.

ஆகவே சீனக்குடா ரயில் நிலையத்தை மாதிரியாகச் செய்யப் போகிறேன், 22 மில்லிமீட்டரில். முழுப் பாதையும் செய்ய வேண்டும் என்ற உன் பழைய கனவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: கல்லோயாவிலிருந்து இங்கு வரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர், சுருக்கினாலும் 920 மீட்டர் வரும்; என் முன்விறாந்தையில் தொடங்கினால் அயல்வீட்டார் அத்தனை பேரின் சமையலறைகளையும் கடந்துதான் முடியும். சீனக்குடா போதும். அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பால்மாப் பேணி வைக்கலாம் என்ற உன் யோசனையையும் நிராகரிக்கிறேன். பத்துச் சென்ரிமீட்டர் பேணி இந்த அளவில் 7.6 மீட்டர் தாங்கிதான் ஆகும், உண்மைத் தாங்கியின் பக்கத்தில் அது தண்ணீர்ப் பீப்பாய். அண்டா வேண்டும். 99 தாங்கிகளில் மூன்றுதான் வைக்கப் போகிறேன் என்று சொன்ன பிறகும் என் மனைவி அண்டாக்களைப் பூட்டி வைத்துவிட்டாள். பாதை திறந்தது 1927இல். நூற்றாண்டுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. அதற்குள் ஒரு எம்2 டீசல் எஞ்சினாவது அதில் நிற்க வேண்டும். 1954இல் கனடாவிலுள்ள உன் லண்டன் நகரத்திலிருந்து வந்த அந்த எஞ்சின்கள் கனடா மாகாணப் பெயர்களைத் தாங்கி நம் நிலையத்தில் நின்றதைப் பார்த்துத்தானே நாம் நிலப்படத்தில் கனடாவைத் தேடினோம்? (நீ இங்கிலாந்தில் இருப்பதாகவே இன்னும் என் மச்சாள் நம்புகிறாள், நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.) அவற்றைக் கட்டிய தொழிற்சாலை 2012இல் மூடப்பட்டுவிட்டது, அதற்கு முன்பே வாசலைப் படமெடுத்து அனுப்புவதாகச் சொன்ன ஒருவனை எனக்குத் தெரியும்.

நீ அனுப்பிய பொம்மை யானைகள் கிடைத்தன. நன்றி, ஆனால் அவை ஆபிரிக்க யானைகள். காது முறம் அளவில் இருக்கிறது. பேரன் அவற்றைத் தண்டவாளத்தின் மீது வரிசையாக நிறுத்திவிட்டு வண்டியை ஓட்டச் சொன்னான். மாசியில் கல்லோயாவுக்கு அருகே, மட்டக்களப்பிலிருந்து கொழும்பு போன வண்டி ஒரு கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் இறந்தன, வண்டியும் தடம் புரண்டது. நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். நான் அவற்றைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துக் குளக்கரையில் வைத்தேன். ஏன் என்று அவன் கேட்டபோது சொன்னேன். எட்டு வயதுக்குச் சொல்லலாமா என்று தெரியாமல்தான் சொன்னேன். அன்று முதல் அவன் வண்டியை அந்த இடத்தில் மெதுவாக ஓட்டுகிறான். என்னையும் மெதுவாக ஓட்டச் சொல்கிறான்.

சில்லு விடயத்தில் உன் பதிலை எதிர்பார்க்கிறேன். திட்டுவதாக இருந்தால் தொலைபேசியில் திட்டு, கடிதத்தில் திட்டினால் இவள் வாசித்துவிடுவாள். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் சிக்னல்காரன்

பி.கு: ஜாம் போத்தலில் உள்ள துண்டுகளை எறியவில்லை. பல் தடம் உள்ள மூலையையும் நான் துடைக்கவில்லை.