சாவியை வாங்கச் சொன்னது நான்தான்

அக்கா,

என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய், சரி. அம்மாவிடம் சொல்லி அனுப்பினால் பாதி மறந்துபோகும், மீதி வேறாக மாறிப்போகும். இந்த வலைப்பூவை நீ படிப்பாய் என்று தெரியும். இதில் ஒற்றுப்பிழை கண்டுபிடிக்கிற ஒரே ஆள் நீதான். அதனால் இங்கேயே எழுதுகிறேன். பெரியம்மா வீட்டாரும் உன் பள்ளிக்கூட டீச்சர்களும் இதைப் படிப்பார்கள் என்பதும் ஞாபகம் இருக்கிறது. புரட்டாசியில் அந்த ரயில்வே கேட் பக்கத்தில் நடந்ததை எழுத மாட்டேன். பாப்பாவுக்கு முழங்கால் காயம் ஆறிவிட்டது. அது போதும்.

ஸ்கூட்டி சாவியை வாங்கி வைக்கச் சொல்லி அத்தானிடம் சொன்னது நான்தான். உன் மாமியார் காதில் விழுகிற மாதிரி சொன்னதற்கு மன்னித்துக்கொள். அவர்கள் அடுப்படியில் இருந்தது தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். தெரியும். ஆனால் அத்தானிடம் தனியாக முன்னாடியே சொல்லிப் பார்த்தேன், "அவ உடம்பு அவளுக்குத் தெரியும் மாப்ள" என்று முடித்துவிட்டார். உன் உடம்பு இப்போதெல்லாம் உன்னிடம் எதையும் சொல்வதில்லை என்பதுதானே பிரச்சினையே. ஆக, மன்னிப்பு சொன்ன விதத்துக்கு மட்டும். சொன்ன விஷயத்துக்கு இல்லை.

இந்த ஐப்பசியோடு நீ சுகருக்கு இன்சுலின் ஊசி போட ஆரம்பித்து 28 வருஷம். அதை நினைத்தால் எனக்கு ஒரு ராத்திரிதான் வந்து நிற்கிறது. நீ பிளஸ் ஒன், நான் ஏழாவது. பங்குனிப் பொங்கல், அம்மாவும் அப்பாவும் மாரியம்மன் கோவிலில். கட்டில் கிறீச்சிடும் சத்தத்தில் எழுந்து பார்த்தால் நீ தலையணை வரை நனைந்து கிடக்கிறாய். கூப்பிட்டால், "இன்னும் ஒரு பக்கம் இருக்கு சார்" என்கிறாய். குளுக்கோஸ் தண்ணீர் கலக்கிக் கொடுத்தேன், தட்டிவிட்டாய். சீனியை உதட்டில் வைத்தேன், விரலைக் கடித்தாய். அப்புறம் ஓர் அறை. உனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று இப்போதும் யோசிக்கிறேன். அழுதுகொண்டே ஃபிரிஜ்ஜைத் திறந்தேன். கோவிலுக்கு வந்த விருந்தாளிகளுக்கென்று அப்பா வாங்கி வைத்த பவண்டோ இருந்தது. நம்ம ஊரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் சரக்கு, விருதுநகர்க்காரர்களின் பெருமை, ஆனால் நம் வீட்டில் உன் கண்ணில்கூடப் படாமல் வைத்த சாமான். அதை மட்டும் பிடுங்கிக் குடித்தாய். சட்டை நைட்டியெல்லாம் சிந்த, மூச்சு விடாமல்.

கால் மணி நேரம் கழித்துத்தான் என்னை அடையாளம் தெரிந்தது. தரை ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டாய். நான் சொன்னதும் முதல் வார்த்தை, "அம்மாகிட்ட சொல்லாதேடா."

சொல்லவில்லை. பாட்டிலை நான் குடித்தேன் என்று அப்பாவிடம் அடிதான் வாங்கினேன். சாயந்திரம் சுகர் 240 காட்டியிருந்தது, நோட்டில் அதைப் பார்த்தால் அப்பா கத்துவார் என்று ஊசியை முழுசாகப் போட்டுக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டை விட்டிருந்தாய். அந்த 30/70 இன்சுலினில் மெதுவாக வேலை செய்கிற பங்குதான் பெரிய பங்கு. அது நடுராத்திரியில்தான் வேகம் எடுக்கும், சாப்பிடாத உடம்பில் சர்க்கரையை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். அதெல்லாம் அப்போது நம் இருவருக்கும் தெரியாது. மறுநாள் காலை நோட்டில் நல்ல நம்பர். அப்பா சிரித்தார்.

அடுத்த பத்தி உனக்கில்லை, பெரியம்மாவுக்கு. நீ தாண்டிப்போ.

பெரியம்மா, அவள் ஸ்வீட் தின்றதால் கண் கெடவில்லை. அவளுடையது பெரியப்பாவுக்கு அறுபது வயதில் வந்த சுகர் இல்லை. பதினொரு வயதுப் பிள்ளையின் உடம்பே தன் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. அதற்கு ஆவாரம்பூவும் வெண்டைக்காய்த் தண்ணீரும் பதில் ஆகாது. நீங்கள் சொன்ன ஆளை நம்பி ஊசியை நிறுத்திய வாரத்தில் ஐசியுவில் கிடந்தாள், அவர் பெயரை நான் எழுதவில்லை. கண் விஷயம் இப்படி: சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ஏ1சி டெஸ்ட் பல வருஷம் பத்துக்கு மேல் இருந்தது. கல்யாணம் என்றதும் சில மாதத்திலேயே ஏழுக்குக் கொண்டுவந்தாள். நெடுநாள் ஏறிக் கிடந்த சர்க்கரையை மளமளவென்று இறக்கினால், ஏற்கெனவே கெட்டிருக்கிற விழித்திரை கொஞ்ச காலத்துக்கு இன்னும் மோசமாகலாம். பிறகுதான் நன்மை. முதலில் கண்ணைப் பார்த்துவிட்டு இறக்குவோம் என்று அன்றைக்குப் பார்த்த இடத்தில் யாரும் சொல்லவில்லை. அவள் ஒழுங்காக இருந்த வருஷத்தில்தான் கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. இதைத்தான் நீங்கள் கல்யாண வீட்டில் வைத்து வேறு மாதிரி சொன்னீர்கள்.

சரி, நாம் பேசுவோம். கண்ணுக்கு லேசர் முடிந்து வந்த நாளிலிருந்து நீ அந்த அமெரிக்க, கனடா ஆய்வைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். 1983 முதல் 1993 வரை 1,441 பேர், கட்டுப்பாட்டை இறுக்கியவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு வருவது 76 சதவீதம் குறைந்தது. வாத்தியாரம்மா, மனப்பாடமாகச் சொல்வாய். அதே ஆய்வில், இறுக்கியவர்களுக்கு அடுத்தவர் வந்து தூக்கிவிட வேண்டிய அளவுக்குச் சர்க்கரை இறங்கி லோ ஆனது மூன்று மடங்கு. அந்த வரியை நீ ஒருநாளும் சொன்னதில்லை.

உன் ஏ1சி 6.1. ஃபேமிலி குரூப்பில் அம்மா பூ எமோஜி போட்டாள். அது மூன்று மாதச் சராசரி, அக்கா. 250உம் 45உம் சேர்ந்தாலும் சராசரி அழகாகத்தான் வரும். சர்க்கரையை விடாமல் அளக்கிற சென்சார் ஒட்டிய அந்த இரண்டு வாரப் படத்தை நானும் பார்த்தேன். விடிகாலை இரண்டு மணிக்கு மேல் கோடு 55க்குக் கீழே படுத்துக் கிடக்கிறது, நீ தூங்கிக்கொண்டிருக்கிறாய். வியர்வை இல்லை, படபடப்பு இல்லை, கட்டில் ஆடவில்லை. லோ ஆகும்போது சர்க்கரையை ஏற்ற வேண்டிய குளுகாகான் என்கிற ஹார்மோன் இந்த வகை சுகரில் சில வருஷத்திலேயே கைவிட்டுவிடும். மிச்சம் இருப்பது அட்ரினலின், நடுக்கமும் வியர்வையும் அது தருவதுதான். அடிக்கடி லோ ஆகிக்கொண்டே இருந்தால் அதுவும் ஓய்ந்துபோகும். ஏழாவது படிக்கும் பையன் எழுந்து பார்க்கிற அளவுக்கு அன்றைக்கு உன் உடம்பு சத்தம் போட்டது. இப்போது பக்கத்தில் படுத்திருக்கும் அத்தானுக்கே தெரிவதில்லை.

இதற்கு மேல் லேசர் வேறு. விழித்திரையின் ஓரத்தைச் சுட்டதால் பக்கவாட்டில் வருகிறவன் தெரியாது, இருட்டில் இன்னும் மோசம். அப்படியும் சாயந்திரம் ஆறரைக்கு டியூஷனிலிருந்து பாப்பாவை ஏற்றிக்கொண்டு மதுரை ரோட்டில் வருவாய், நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையா?

எப்போதும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் அதிரசம் சுடவில்லை, ரவா லட்டு பிடிக்கவில்லை, உன் எதிரில் சாப்பிடக் கூடாது என்று தீபாவளிப் பலகாரத்தை எதிர்வீட்டு மொட்டை மாடியில் நின்று தின்றேன். சென்னையில் சீட் கிடைத்தும் போகவில்லை, "ராத்திரி வீட்ல ஒரு ஆம்பளப் புள்ள வேணும்" என்றார் அப்பா. நீ கேட்டாயா என்றால் இல்லை. யாரும் கேட்கவில்லை, அதுதான் எரிச்சல். எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட அம்மா உனக்குத் தொற்றிவிடுமே என்றுதான் முதலில் பயப்படுவாள். இதை இத்தனை பேர் படிக்கிற இடத்தில் சொல்கிறேன், தப்பாகக்கூட இருக்கட்டும்.

போன ஆவணியில் கோவிலில் நீ கும்பிட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளங்கை இரண்டும் ஒட்டவில்லை, விரல்கள் வளைந்து நடுவில் இடைவெளி. "ஒழுங்காக் கும்பிடக்கூட மாட்டேங்குறா" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார், யாரென்று எழுத மாட்டேன். நெடுநாள் சுகரில் விரல் மூட்டு இறுகிப்போனால் அப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லியிருக்கலாம். நீ அதற்குள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாய். உனக்காக யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது, அதே நேரம் நீ ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று உன் மேலும் கோபம்.

டாக்டர் சொன்னதை நீ அரைகுறையாகக் கேட்டாய் என்று நினைக்கிறேன். ராத்திரி டோஸைக் குறைத்து, சில வாரம் ஒரு லோகூட வராமல் பார்த்துக்கொண்டால் அந்த வியர்வையும் நடுக்கமும் பெரும்பாலும் திரும்பி வரும். ஏ1சி ஏழு ஆகும், ஏழேகால்கூட ஆகும். அதனால் கண் உடனே போய்விடாது. 150ஐப் பார்த்ததும் இன்னொரு ஊசி போடாமல் இருக்கிறாயா? நோட்டைப் பார்த்துக் கத்த அப்பா இல்லை இப்போது. சாவியைப் பற்றி அதன் பிறகு டாக்டர் சொல்லட்டும், நானும் இல்லை, அத்தானும் இல்லை.

சென்சார் இரண்டு வாங்கி அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். லோ ஆனால் போன் அலறுகிற வகை. அத்தான் போனிலும் ஏற்றிக்கொள். என் போனில் வேண்டாம் என்றால் வேண்டாம்.

அடுத்த மாதம் கண் செக்கப். சொட்டு மருந்து விட்டால் பல மணி நேரம் மங்கலாக இருக்கும், தனியாக பஸ் ஏறாதே. அத்தானுக்கு லீவு கிடைக்காவிட்டால் நான் காலை ஏழு மணி வண்டிக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். மதுரை வரைக்கும் பேசாமல் வர உன்னால் முடியும் என்றால் பேசாமலே வா.

தம்பி