மடப்பள்ளிக் கழிவில் எரிவாயு: திருப்பணி நிறைவு அறிக்கை

ஆலய உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மடப்பள்ளிக்கும் பின் மதிலுக்கும் நடுவே நாம் எடுத்த எரிவாயுக் கலன் (சமையல் கழிவை அழுகவைத்து, அடுப்புக்கு வாயு எடுக்கும் தொட்டி) வேலை முடிந்தது. இப்போது தினமும் அதில்தான் ஓர் அடுப்பு எரிகிறது. கோபுரத்துக்கு வர்ணம் பூசினால் எல்லார் கண்ணிலும் படும், இது படாது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. உபயமாகவும் நன்கொடையாகவும் வந்தது 9,100 வெள்ளி (ரிங்கிட்). செலவானது 8,640 வெள்ளி: தளம், கூரைக்கு 3,150, கழிவு அரைக்கும் இயந்திரத்துக்கு 2,400, தொட்டிகளுக்கு 1,980, குழாய், அடுப்பு, வடிகட்டிக்கு 1,110. மீதி 460 வெள்ளி பராமரிப்புக்கு. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன, யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

பொதுக்கூட்டத்தில் ஓர் அண்ணன் கேட்டார்: "14 கிலோ கேஸ் தோம்பு 26 வெள்ளி 60 காசுக்குக் கிடைக்குது. அப்புறம் எதுக்குங்க இவ்வளவு செலவு?" நியாயமான கேள்விதான். நாளுக்கு 20 கிலோ கழிவு போட்டால் ஏறக்குறைய 2 கன மீட்டர் வாயு வரும். அது ஒரு கிலோ தோம்பு கேஸுக்கும் கொஞ்சம் குறைவு. மாதத்துக்கு இரண்டு தோம்பு மிச்சம் என்று வைத்தாலும் 53 வெள்ளிதான். போட்ட முதல் திரும்பவே 13 ஆண்டுக்கு மேல் ஆகும். கேஸ் காசை மிச்சம் பிடிக்கத்தான் என்றால் இந்த வேலையைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

நாம் இதில் இறங்கியது குப்பைக்காக. வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிந்த மறுநாள் பின்சந்தில் நடந்தவர்களுக்கு அது தெரியும்: குப்பைத் தொட்டியிலிருந்து வழியும் சாம்பார் தண்ணீர், எலி, பக்கத்து வீட்டாரின் முகச்சுளிப்பு. பினாங்கில் மறுசுழற்சிப் பொருளைப் பிரித்துப் போடுவது 2017 ஜூன் முதல் கட்டாயம். ஆனால் சோறும் காய்கறித் தோலும் இன்னும் பொதுக் குப்பையில்தான் போகின்றன. நம் தீவின் குப்பை கடல் தாண்டி, பெருநிலத்தில் நிபோங் திபால் பக்கம் பூலாவ் பூரோங் குப்பைமேட்டில் போய்ச் சேருகிறது. 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்து, புகையில் சுற்றுவட்டார மக்கள் பட்ட பாடு நினைவிருக்கும். அங்கே காற்றுப் படாமல் புதைந்து அழுகும் சோற்றிலிருந்து கிளம்புவது மீத்தேன் என்ற வாயு. அதே வாயுதான் இங்கே நம் கலனில் உண்டாகி அடுப்பில் எரிகிறது.

அமைப்பு புதிதல்ல. இந்தியாவில், புனேயில் ஆனந்த் கார்வே என்ற விஞ்ஞானியின் குழுவினர் வீட்டுச் சமையல் கழிவுக்காகப் பரப்பிய வகை: ஒரு பெரிய தொட்டி, அதற்குள் கவிழ்த்து வைத்த இன்னொரு தொட்டி. வாயு சேரச் சேர மேல் தொட்டி எழும்பும். காலையில் அது ஒரு முழம் ஏறி நிற்பதைப் பார்த்தாலே இன்றைக்கு எவ்வளவு சமைக்கலாம் என்று மடப்பள்ளி அக்கா சொல்லிவிடுவார்.

தொடக்கத்தில் பெருநிலத்தில் மாடு வளர்க்கும் ஒருவரிடம் சாணம் வாங்கி, கரைத்து ஊற்றினோம். வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன. முதலில் சேர்ந்த வாயு எரியாது. பெரும்பாலும் கரியமில வாயுவும் காற்றும்தான். அதைத் திறந்து விட்டுவிட்டோம். சில பேர் "வேலை செய்யல போல" என்று கிளம்பிவிட்டார்கள்! அடுத்து நிறைந்ததில் நீலச் சுடர் வந்தது. வெயிலில் அது கண்ணுக்கே தெரியவில்லை, கையை அருகே கொண்டுபோனால்தான் சூடு. முதல் வேலையாகப் பால் காய்ச்சினோம். வாயு அழுத்தம் குறைவு என்பதால் சாதாரண அடுப்பு ஒத்துவராது. வாயு வரும் துளையைப் பெரிதாக்கிய அடுப்பு இது. அழுகிய முட்டை வாடையைக் குழாயில் வைத்த இரும்பு நார் பிடித்துக்கொள்கிறது. கறுத்துப்போனால் மாற்ற வேண்டும்.

இரண்டு தொட்டிக்கும் நடுவே தண்ணீர் நிற்பதால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுக் கவலை இருந்தது. மேலே மெல்லியதாகப் பழைய சமையல் எண்ணெய் விட்டிருக்கிறோம். மழைக்குப் பிறகு அதைப் பார்ப்பது இளைஞர் பிரிவின் பொறுப்பு.

ஒரு திருமண விருந்துக்குப் பின் மிஞ்சிய சோறும் பாயசமும் ஒரே நாளில் மொத்தமாக உள்ளே போனது. தொட்டி புளித்து, வாயு எரிய மறுத்தது. தீனியை நிறுத்தி, கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு, பொறுத்திருந்துதான் சரியானது. கலனுக்கும் வயிறு உண்டு, அளவாகத்தான் போட வேண்டும். அதனால் 20 கிலோவுக்கு மேல் யார் கொண்டுவந்தாலும், உபயக்காரரே ஆனாலும், மறுநாளுக்குத்தான்.

வீட்டுக் கழிவு தரும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். ஆலய வளாகம் என்பதால் மீன், இறைச்சி, முட்டை கலக்கவே கூடாது. எலுமிச்சைத் தோல் நிறைய வேண்டாம், நுண்ணுயிருக்கு ஆகாது. வாழையிலை நார் சீக்கிரம் மக்காது, அரைக்கும் இயந்திரத்தையும் சுற்றிக்கொள்ளும்; பூமாலை நூலும் அப்படியே. இவை இரண்டும் உரக்குழிக்கு. மூடி போட்ட வாளியில், காலை 9 மணிக்குள், பின் கேட் வழியாகக் கொண்டு வாருங்கள். சன்னதி வழியே வேண்டாம். கலன் பக்கம் சிகரெட், கற்பூரம் இரண்டும் கூடாது.

வெளியே வழியும் கரைசலைத் தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றலாம். கறிவேப்பிலைக்கு நன்றாகவே பிடிக்கிறது. வேண்டுவோர் சனிக்கிழமை மாலை சொந்தப் போத்தலுடன் வரவும், இலவசம்.

இப்படிக்கு,
ஆலய நிர்வாகக் குழு, பினாங்கு