ஆய்வகச் சாவியை இயற்பியல் ஆசிரியரிடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய கல்வி அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னை தண்டையார்பேட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஆய்வகம் பூட்டியே கிடப்பது உங்களுக்குத் தெரியும்; பெற்றோர் மனு கொடுத்து நாளாகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை நடந்ததுதான் தெரிந்திருக்காது.

நான்கு மாணவிகள் சேர்ந்து முகில் அறை செய்தார்கள். கொளத்தூரில் வாங்கிய சின்ன மீன்தொட்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த ஃபெல்ட் துணி, அடியில் கறுப்புத் தகடு, அதற்கும் கீழே ட்ரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. குளிர்ந்த அந்த ஆவிக்குள் மின்னேற்றமுள்ள துகள் பாய்ந்தால், போன வழியில் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். 1932இல் எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானும், 1936இல் எலக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான மியூவானும் முகில் அறையில்தான் பிடிபட்டன. மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. சாதாரணக் கணக்குப்படி 700 மீட்டர் போவதற்குள் சிதைந்துவிட வேண்டும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தும் தரைக்கு வந்து சேர்கிறது என்றால், ஐன்ஸ்டீன் சொன்ன கால நீட்டிப்புதான் காரணம்: மிக வேகமாகப் போகும் துகளின் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று விழுகிறது, தரமணி, தண்டையார்பேட்டை என்று பார்க்காமல்.

அதைப் பார்க்க இருட்டான அறை வேண்டும். சாவி வைத்திருப்பவர் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டாராம். பிள்ளைகள் வராந்தாவிலேயே காத்திருந்தார்கள். ட்ரை ஐஸ் காத்திருக்காது. திரவமாகக்கூட நிற்காமல் நேராக ஆவியாகிவிடும். கைக்காசு போட்டு வாங்கியது. மாலை என்னிடம் வந்து தெர்மகோல் பெட்டியைத் திறந்தபோது வெல்லக்கட்டி அளவுதான் மிச்சம். "பரவாயில்ல சார், ரெக்கார்டுல படம் வரைஞ்சிடுறோம்" என்றாள் ஒருத்தி. அவ்வளவு சீக்கிரம் அவள் சமாதானமானதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சாவியை இயற்பியல் ஆசிரியரிடம் கொடுங்கள். வேறென்ன கேட்டோம்?

கோளரங்கம் கோட்டூர்புரத்தில், கணித அறிவியல் நிறுவனம் தரமணியில், ஐஐடி கிண்டிப் பக்கம், எல்லாமே தென்சென்னையில். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலும் கொடுங்கையூர் குப்பையும் எங்களுக்கு. 2017 முதல் இந்தியா, ஜெனீவா அருகே உள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தின் இணை உறுப்பு நாடு. அங்கே வேலைக்கு விண்ணப்பிக்க இந்தப் பிள்ளைகளுக்கும் வழி உண்டு. கருவியைத் தொட்டே பார்க்காதவர்கள் எந்தத் தைரியத்தில் விண்ணப்பிப்பார்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஊரை இப்படிப் பிரித்தது நீங்கள் அல்ல. ஆனால் அந்தச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட உங்களால் முடியும். தயவுசெய்து ஆய்வகத்தைத் திறந்து, சாவியை இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். ட்ரை ஐஸுக்கு மறுபடி பணம் சேர்த்துவிட்டோம். எந்த நாள் என்று மட்டும் தெரிவியுங்கள். முடிந்தால் அன்று நீங்களும் வாருங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு டியூஷன் ஆசிரியர்